சாவிக்குள் ஒரு சாவி

பெரியம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று நள்ளிரவு தாண்டி மருத்துவமனைக்கு ஓடிய ஒரு மார்கழி இரவில்தான் கார்ச் சாவியைப் பற்றி நாங்கள் முதன்முதலாக யோசிக்க நேர்ந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்பது. இதயத்துக்கு ஒன்று, இரத்தம் உறையாமலிருக்க ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு என்று கணக்குத் தெரிந்ததே தவிர, ஒன்றின் பெயரும் நாவில் வரவில்லை. பழைய மருந்துச் சீட்டுகள் அடங்கிய கோப்பு காரின் பின்னிருக்கையில் கிடந்தது. திரும்ப ஓடிவந்து சாவியின் பொத்தானை அழுத்தினால் வண்டி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அருகில் சென்று அழுத்தினோம். கண்ணாடியோடு ஒட்டி வைத்து அழுத்தினோம். சாவி செத்துப் போயிருந்தது.

முன்னறிவிப்பு இல்லாமலில்லை. மூன்று வாரமாகவே, சாவியின் மின்கலம் தீரப்போகிறது என்று முகப்பில் ஓர் எழுத்து மின்னிக்கொண்டுதான் இருந்தது. பார்த்தோம், நாளைக்கு என்றோம்.

வாகன நிறுத்துமிடத்துக் காவலாளி, அறுபதைக் கடந்தவர், கைவிளக்குடன் வந்தார். கண்ணாடியை உடைத்துவிடலாமா என்று நாங்கள் கேட்டது அவருக்குச் சிரிப்பை வரவழைத்திருக்க வேண்டும். "குடுங்க சார். இதுக்குள்ளயே ஒரு சாவி இருக்கு" என்றார். சாவியின் பக்கவாட்டிலிருந்த ஒரு சிறு கொக்கியை நகத்தால் நகர்த்தினார். உள்ளிருந்து மெல்லிய எஃகுச் சாவி ஒன்று உருவிக்கொண்டு வந்தது. கதவின் கைப்பிடி ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் மூடியை அதன் நுனியாலேயே நெம்பினார். அங்கே, நான்கு வருடமாக நாங்கள் அறியாத ஒரு சாவித் துவாரம் இருந்தது! கதவு திறந்ததும் வண்டி திருடனைக் கண்டதுபோல் ஊளையிட ஆரம்பித்தது. "கத்தட்டும் சார். நீங்க ஃபைல எடுங்க. சாவிய அந்த ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்ட வச்சு அமுக்குங்க, அடங்கிடும்." அடங்கியது. எஞ்சினும் உயிர்பெற்றது. கோப்பு மருத்துவர் கைக்குப் போயிற்று. பெரியம்மா நான்காம் நாள் வீடு திரும்பினார்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மின்கலம் தீர்ந்து செத்துப்போன சாவியை வண்டி எப்படி அடையாளம் கண்டது? இதன் விடையைத் தேடப் புகுந்தபோது, உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருப்புப் பிளாஸ்டிக்கினுள் குறைந்தது மூன்று காலகட்டங்களின் சாவிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியிருப்பதைக் கண்டோம். தொல்லியலாளர் மண்ணடுக்குகளைப் பிரிப்பதுபோல அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. 'சாவி' தமிழ்ச் சொல் அன்று; போர்த்துக்கீசியரின் 'ஷாவெ'. ஜன்னலும் அலமாரியும் மேசையும் வந்த அதே கப்பலில் வந்திறங்கியது. நமக்கென்று 'திறவுகோல்' இருக்கிறது, எழுத்தில் மட்டும். இலங்கைத் தமிழர் இன்றும் பேச்சில் 'திறப்பு' என்றே சொல்கிறார்கள். செய்யும் தொழிலையே பெயராகச் சூட்டிய அந்தச் சொல்லின் மீது நமக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இனி அந்த எஃகுச் சாவி. அமெரிக்கரான லைனஸ் யேல் 1860களில் செம்மைப்படுத்திய முள் பூட்டின் வழித்தோன்றல்களே வீட்டுப் பூட்டுகளில் பெரும்பகுதி. காரின் பூட்டு சற்றே மாறுபட்ட உள்ளமைப்பு உடையது என்றாலும் அடிப்படை ஒன்றே: சாவியின் விளிம்பிலுள்ள மேடுபள்ளம் உள்ளிருக்கும் துண்டுகளைச் சரியான உயரத்துக்கு நகர்த்தினால் உருளை சுழலும், இல்லையேல் சுழலாது. இந்தச் சாவியின் இரகசியம் முழுவதும் அதன் வடிவம்தான். அதற்கு உணவு வேண்டாம். இருபது வருடம் இழுப்பறையில் கிடந்தாலும் எடுத்த அன்று திறக்கும்.

காருக்குச் சாவி என்பது அப்படியொன்றும் பழைய சங்கதி அன்று. ஆரம்ப காலக் கார்களை முன்னால் நின்று கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கையை முறித்துக்கொண்டவர்கள் அநேகர். 1912ல் காடிலாக் நிறுவனம் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சாரக் கிளப்பியைப் பொருத்தியது. அதன் பிறகும் நெடுங்காலம் சாவி ஒருபுறம், கிளப்பும் பொத்தான் ஒருபுறம் என்றே இருந்தன. சாவியைத் திருகினாலேயே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை 1949ல் கிரைஸ்லர் நிறுவனம் கொண்டுவந்தது. இன்று பெருமையோடு விற்கப்படும் 'பொத்தானை அழுத்தினால் கிளம்பும்' வண்டி, அந்த வகையில், பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது.

சாவி தூரத்திலிருந்தே பேசத் தொடங்கியது பிரான்சில். 1982ல் ரெனோ நிறுவனம் தன் 'ஃபுவேகோ' காரின் புதிய வரிசையில், கையடக்கமான ஒரு கருவியின் பொத்தானை அழுத்தினால் கதவுகள் பூட்டவும் திறக்கவும் செய்யும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. அதை உருவாக்கியவர் பால் லிப்ஷூட்ஸ். அவர் பெயரின் முதலெழுத்தையும் குடும்பப் பெயரின் முதலசையையும் சேர்த்துப் 'ப்ளிப்' என்று அழைத்தார்கள்; பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இத்தகைய சாவியை அப்படித்தான் சொல்கிறார்கள். தன் பெயர் ஒரு பொதுச் சொல்லாகக் கரைந்துபோகும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ப்ளிப் அகச்சிவப்புக் கதிரால் பேசியது, தொலைக்காட்சியின் ரிமோட்டைப் போல. குறி பார்த்து அழுத்த வேண்டும். பின்னர் வந்தவை வானொலி அலைக்கு மாறின. ஐரோப்பாவில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315. வானொலிக்குக் குறி வேண்டாம். சட்டைப் பையிலிருந்தே பேசும். ஆனால் குறி வேண்டாத பேச்சு எல்லார் காதிலும் விழும் அல்லவா? சாவி தினமும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால், மறைவில் நின்று ஒருமுறை பதிவு செய்துகொண்டவன் மறுநாள் அதையே ஒலிபரப்பிக் கதவைத் திறந்துகொள்ளலாம். அதற்கென்றே கருவிகள் கிளம்பின.

அதற்கான மாற்று மருந்து, எவரும் எதிர்பாராத இடமான தென்னாப்பிரிக்காவில் தயாரானது. 1980களின் நடுவில் நானோடெக் என்ற நிறுவனத்தில் ஃபிரெடரிக் ப்ரூவரும் வில்லெம் ஸ்மிட்டும், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கிடியான் கூன் வகுத்த மறையீட்டு முறையைக் கொண்டு 'கீலாக்' என்ற அமைப்பைப் படைத்தார்கள். சாவிக்குள் ஓர் எண்ணி இருக்கும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அது ஒன்று கூடும். அந்த எண்ணை இரகசியத்தில் குழைத்து, ஒவ்வொரு முறையும் புதிய சொல்லாக அனுப்பும். வண்டியும் தன் கணக்கை வைத்துக்கொண்டு, கடந்துபோன சொல்லைத் திரும்ப ஏற்காது. பையிலிருக்கும் சாவியைக் குழந்தை நாலைந்து முறை அழுத்திவிட்டாலும் வண்டி சற்று முன்னோக்கிப் பார்த்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும். மின்கலத்தைக் கழற்றினால் சாவி எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று நம்மில் பலருக்கு ஓர் அச்சம் உண்டு. பேட்டரியே மாற்றாமல் ஒத்திப்போட அதுவும் ஒரு காரணம். பெரும்பாலான சாவிகளில் இந்த எண்ணி, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சில பழைய வண்டிகளுக்கு மட்டும், மின்கலம் மாற்றியபின் சாவியைத் துவாரத்தில் திருகிப் பொத்தானை அழுத்தி மீண்டும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கும்.

1995ல் மைக்ரோசிப் நிறுவனம் கீலாக்கை ஒரு கோடி டாலருக்கு வாங்கியது. கார்கள், வாகனக் கொட்டில் கதவுகள் என உலகெங்கும் பரவியது. பிறகு 2008ல், ஜெர்மனியின் போகும் நகரத்து ரூர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் பார் குழுவினர் அதை உடைத்துக் காட்டினார்கள். கணக்குப் போட்டு மட்டும் அல்ல. அந்தச் சில்லு வேலை செய்கையில் மின்சாரத்தை உண்ணும் ஏற்ற இறக்கத்தை அளந்தே உள்ளிருக்கும் இரகசியத்தைப் படித்துவிட்டார்கள். ஒருவர் உண்ணும் ஓசையைக் கேட்டு அவர் மனத்திலிருப்பதைச் சொல்வது போன்றது இது. எஃகுச் சாவிக்கு இந்த ஆபத்து இல்லை. உண்ணாதது ஓசை எழுப்பாது.

இவ்விடத்தில் லண்டனுக்கு ஒருமுறை போய்வர வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். பிக்காடிலி வீதியில் ஜோசப் பிராமா என்பவரின் கடை. 1790ல் அவர் தம் பூட்டு ஒன்றைக் கண்ணாடிச் சன்னலில் வைத்து, இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிவைத்தார். அறுபத்தொரு வருடம் அந்தப் பூட்டு அப்படியே இருந்தது. பிராமா இறந்தே போனார். 1851ல் மாபெரும் கண்காட்சிக்காக அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டுத் தொழிலாளி, பதினாறு நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்துவிட்டார். லண்டன் அதிர்ந்தது. இப்படிப் பகிரங்கமாகத் திறந்து காட்டுவது திருடர்களுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று பத்திரிகைகளில் வாதம் நடந்தது. திருடனுக்கு அவன் தொழில் ஏற்கெனவே தெரியும், பூட்டை நம்பி உறங்குகிறவனுக்குத்தான் தெரியாது என்பது ஹாப்ஸ் தரப்பின் விடை.

அதே வாதம் அதே லண்டனில் 2013ல் மீண்டும் நடந்தது. கார்ச் சாவிகளில் பயன்பட்ட 'மெகாமோஸ்' என்ற மறையீட்டு முறையின் ஓட்டையை மூன்று ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட இருந்தனர். வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டுரை வெளிவர 2015 ஆயிற்று. எங்கள் மனம் ஹாப்ஸின் பக்கம்தான் சாய்கிறது. கையிலிருக்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நள்ளிரவில் நின்றவர்கள் வேறு எந்தப் பக்கம் சாய முடியும்?

மெகாமோஸ் என்றதும் மூன்றாவது சாவிக்கு வந்துவிட்டோம். செத்த சாவியை வண்டிக்கு அடையாளம் காட்டியது இதுதான். கதவைத் திறக்கும் வானொலிக்கும் இதற்கும் உறவில்லை. சாவியினுள் கோதுமை மணியைவிடச் சற்றே பெரிய ஒரு சில்லு, அதனுடன் ஒரு கம்பிச் சுருள். இதற்கு மின்கலமே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியோ, ஸ்டார்ட் பொத்தானுக்குப் பின்னாலோ, சில வண்டிகளில் கோப்பை வைக்கும் குழியிலோ இன்னொரு சுருள் ஒளிந்திருக்கும். வண்டியின் சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்ததும் எழும் காந்தப்புலம், சாவியின் சுருளில் ஒரு துளி மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தத் துளியைக் குடித்துச் சில்லு விழித்துக்கொள்கிறது, வண்டி கேட்கும் கேள்விக்கு விடை சொல்கிறது, மீண்டும் உறங்கிவிடுகிறது. விருந்தாளிக்குச் சோறிட்டு ஊரையும் பேரையும் கேட்கும் வீட்டைப் போல, வண்டியே சாவிக்கு ஊட்டி அடையாளம் கேட்கிறது.

பிறர் ஊட்டும் மின்சாரத்தில் பேசும் கருவிக்கு ஒரு பழைய வேவுக் கதை உண்டு. 1945ல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் ஆவரல் ஹாரிமனுக்குச் சோவியத் சிறுவர் அமைப்பினர் மரத்தில் செதுக்கிய அமெரிக்க இலச்சினை ஒன்றைப் பரிசளித்தனர். தூதர் மாளிகையின் சுவரில் அது ஏழு வருடம் தொங்கியது. அதனுள் லியோன் தெரெமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. மின்கலம் இல்லை, மின்கம்பி இல்லை. வெளியிலிருந்து வானொலிக் கற்றையைப் பாய்ச்சும்போது மட்டும் அது உயிர்பெறும். 1952ல்தான் அகப்பட்டது. தொடாமல் வாசிக்கும் இசைக்கருவியைச் செய்த அதே தெரெமின்தான் இவர்.

திருட்டைத் தடுக்கும் இந்தச் சில்லு 1990களில் பரவி, 1998 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. அதன் பிறகு எஃகுச் சாவியை மட்டும் அச்சாக வார்த்துக் கொண்டுவந்தவன் கதவைத் திறக்கலாம். எஞ்சினைக் கிளப்ப இயலாது.

ஆக, கதவைத் திறக்க எஃகு, எஞ்சினைக் கிளப்பச் சில்லு. இரண்டுக்கும் மின்கலம் வேண்டாம். தூரத்திலிருந்து பேசும் வசதிக்கு மட்டுமே அந்த நாணயம் வேண்டும்.

நாணயம் என்று சொன்னது உவமைக்காக அன்று. 1800 மார்ச் 20ஆம் தேதி இத்தாலியின் கோமோ நகரிலிருந்து அலெஸாண்ட்ரோ வோல்டா, லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்ஸுக்கு எழுதிய கடிதத்தில்தான் உலகின் முதல் மின்கல அடுக்கு விவரிக்கப்பட்டது. வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை. இப்படி முப்பது, நாற்பது அடுக்குகள். மின்கலம் பிறந்ததே நாணய உருவில்தான். சாவிக்குள் இருப்பது அந்த அடுக்கின் ஒற்றை ஓரடுக்கு எனலாம். வெள்ளிக்கும் துத்தநாகத்துக்கும் பதிலாக மாங்கனீஸ் டைஆக்சைடும் லித்தியமும். லித்தியத்தை 1817ல் ஸ்வீடன் நாட்டுக் கல் ஒன்றில் ஆர்ஃப்வெட்சன் கண்டுபிடித்தார். கல்லிலிருந்து கிடைத்ததால் கிரேக்கச் சொல்லால் 'கல்' என்றே பெயரிட்டார்கள். உலோகங்களிலேயே இலேசானதற்குக் கல் என்று பெயர்! இவ்விரண்டையும் இணைத்து 1970களில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் விற்பனைக்கு ஏற்ற மின்கலமாக்கியது.

சாவிகளில் மிகுதியாகக் காணப்படுவது சி.ஆர்.2032. பெயரே அதன் ஜாதகம். 'சி' லித்தியம்-மாங்கனீஸ் வகையைக் குறிக்கும், 'ஆர்' வட்ட வடிவத்தை. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அழுத்தம் 3 வோல்ட், கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி. சாவி ஓய்வில் 5 மைக்ரோஆம்பியர் மட்டும் உண்பதாக வைத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடம் தாங்க வேண்டும். நடைமுறையில் அவ்வளவு தாங்குவதில்லை. பொத்தானையும் தொடாமல் கதவருகே போனாலே திறக்கும் வகைச் சாவி, வண்டியின் அழைப்புக்காக ஓயாமல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டிக்கு அருகிலேயே ஆணியில் மாட்டிவைத்தால் அடிக்கடி விழித்து விரைவில் களைத்துப்போகும்.

இந்த ஓயாத விழிப்பே திருடனுக்கும் வழியாயிற்று. 2011ல் சூரிக் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் பேச்சை இடையில் நின்று நீட்டிக் கொடுத்தே வண்டியைத் திறந்து கிளப்பிக் காட்டினார்கள். எட்டு நிறுவனங்களின் பத்து வகைக் கார்களைச் சோதித்தார்கள், பத்தும் ஏமாந்தன. இப்போது சில சாவிகள் அசைவில்லாமல் கிடந்தால் தாமே உறங்கிவிடுமாறு செய்யப்படுகின்றன. திருட்டும் குறையும், மின்கலமும் நீடிக்கும்.

மறுநாள் காலை, வீட்டருகே உள்ள கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் எஃகுச் சாவி இருந்த பள்ளத்தில் தட்டையான திருப்புளியை வைத்து ஒரு திருகு திருகியதும் சாவி இரண்டாகப் பிளந்தது. பழைய மின்கலத்தை மீட்டரில் வைத்தார். 2.9 என்று காட்டியது. "அப்போ நல்லாத்தானே இருக்கு?" என்றோம். "சும்மா இருக்கும்போது காட்டும் சார். வேலை குடுத்தா விழுந்துடும்." பிற்பாடு படித்தபோது அவர் சொன்னது முற்றிலும் சரி என்று தெரிந்தது. இவ்வகை மின்கலம் ஆயுளின் பெரும்பகுதியும் 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். முதுமையில் அதன் உள்மின்தடை ஏறிவிடுவதால், வானொலிக்குத் தேவையான சில மில்லிஆம்பியரைக் கேட்ட மாத்திரத்தில் அழுத்தம் சரிந்துவிடும். அன்றிரவு வண்டியைப் பூட்டும்போது பேசிய சாவி, பத்து நிமிடம் கழித்துப் பேசாமற்போன மர்மம் இதுவே.

அவர் கடையில் 2032, 2025, 2016 மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. விட்டம் ஒன்று, தடிமன் வேறு. 2016 இரண்டை அடுக்கினால் சரியாக 3.2 மில்லிமீட்டர் வரும், பொருந்தவும் செய்யும். ஆனால் 6 வோல்ட் பாய்ந்து சாவியே கருகிவிடலாம். அப்படிக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறாராம். குழந்தைகள் துப்பிவிட வேண்டுமென்று கசப்புப் பூசிய மின்கலங்களும் இப்போது வருகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் தொடுமுனையை மறைத்துவிடுவதால், புதியதைப் போட்டும் வேலை செய்யாமற்போவதுண்டு. மெல்லத் துடைக்கலாம், அல்லது பூச்சில்லாததை வாங்கலாம். கூட்டல் குறி உள்ள முகம் எப்பக்கம் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன இன்னொன்று.

புதியதைப் பொருத்திய பிறகு, பழையதை மேசையில் விடாமல் இருபுறமும் ஒட்டுநாடாவைச் சுற்றி ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டார். ஏன் இத்தனை பத்திரம் என்று கேட்டோம். பதில் சொல்லாமல், கடைக்குள் தவழ்ந்துகொண்டிருந்த பேத்தியைக் கண்ணால் காட்டினார்.

அவர் சொல்லாததைப் பிறகு படித்தறிந்தோம். தீர்ந்துபோனதென்று நாம் எறியும் அந்த 2.9 வோல்ட், ஒரு குழந்தையின் உணவுக்குழாய்க்குத் தீர்ந்துபோனதல்ல. ஈரமான திசுவில் ஒட்டியதும் மின்னோட்டம் பாயத் தொடங்கி, எதிர்முனையருகே கடுங்காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துவிடக்கூடும். 20 மில்லிமீட்டர் விட்டம் சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கிக்கொள்வதற்கு ஏற்ற அளவாகவும் அமைந்துவிட்டது. விழுங்கியதோ என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தியெடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை இப்படி இழந்த தாயின் போராட்டத்தால், அமெரிக்காவில் 2022ல் அக்குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மின்கல அறையின் மூடியைக் குழந்தைகள் எளிதில் திறக்க இயலாதவாறு அமைக்க வேண்டும் என்கிறது அது.

நான்காம் நாள் பெரியம்மாவை அழைத்துவரச் சென்றபோது அதே காவலாளி வாசலில் இருந்தார். "பேட்டரி மாத்தியாச்சா சார்?" என்றார். மாற்றிவிட்டோம் என்று சொல்லிப் பொத்தானை அழுத்திக் காட்டினோம். வண்டி கண்சிமிட்டியது. லிப்ஷூட்ஸையும் ஹாப்ஸையும் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அதற்குள் இன்னொரு வண்டி வந்து நின்று ஒலியெழுப்ப, அவர் சங்கிலியை அவிழ்க்க நடந்துவிட்டார். சங்கிலியில் தொங்கியது ஒரு பித்தளைப் பூட்டு. சாவி அவர் இடுப்புக் கயிற்றில் இருந்தது.